நம்பிக்கையான உதிரிப்பாகக் கடை பூட்டப்படும் முன்: பழைய பிரித்தானிய மோட்டார் சைக்கிள் வைத்திருப்போருக்கு

யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் நாற்பது ஆண்டுகளாக நான் சாமான் வாங்கிவந்த சிறிய கடையின் முதலாளி, தைப்பொங்கலுடன் கடையைப் பூட்டப்போவதாகச் சொன்ன அன்று, என் வாயில் முதலில் வந்த கேள்வி எனது பழைய மோட்டார் சைக்கிளான பி.எஸ்.ஏ. எம்20 க்குரிய கிளச் தட்டுகள் இன்னும் எத்தனை இருக்கின்றன என்பதுதான். அவர் சிரித்துவிட்டு, "தட்டு கிடக்கட்டும் தம்பி. எந்தத் தட்டு எந்தச் சைக்கிளுக்கு எண்டு இனி ஆரிட்டைக் கேக்கப் போறாய்?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. அடுத்த மூன்று மாதங்களில் நான் செய்தவற்றையும், செய்யத் தவறியவற்றையும் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

இது யாழ்ப்பாணத்துக்கு மட்டும் நேர்ந்த ஒன்றல்ல. இந்த மோட்டார் சைக்கிள்கள் பிறந்த நாட்டிலும் இதே கதைதான் நடக்கிறது. 1966 இல், ஏ.ஜே.எஸ்., மச்லெஸ் வண்டிகளைச் செய்த ஏ.எம்.சி. நிறுவனம் சரிந்து, 1971 இல் வெலோசெற் மூடப்பட்டு, 1973 இல் பி.எஸ்.ஏ. வேறு கைக்கு மாறி, 1983 இல் மெரிடனில் இருந்த ட்றையம்ப் தொழிற்சாலையும் நின்றபோது, முகவர்களின் களஞ்சியங்களில் எஞ்சிக் கிடந்த பாகங்களை வாங்கிச் சிறு கடை தொடங்கிய இளைஞர்கள் இன்று முதியவர்கள். பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்கள். ஆகவே உங்கள் கடைக்காரர் யாழ்ப்பாணத்தில் இருந்தாலென்ன, பர்மிங்காமில் இருந்தாலென்ன, அவர் ஓய்வுபெறும் செய்தி வந்தவுடன் செய்ய வேண்டியவை ஏறத்தாழ ஒன்றே.

முதலில் கொப்பி, பிறகு பணப்பை

பெரும்பாலானவர்கள் பணத்தோடு ஓடுவார்கள். நீங்கள் ஒரு தடித்த கொப்பியோடும், உங்கள் மோட்டார் சைக்கிளின் இயந்திர இலக்கம், சட்டக இலக்கம் ஆகியவற்றோடும் போங்கள். கடையில் கூட்டம் இல்லாத நேரமாக, மதியச் சாப்பாட்டுக்குப் பிந்திய வேளையில் போவது நல்லது. ஒவ்வொரு லாச்சியாகத் திறந்து, இது என்ன, எந்த ஆண்டு வண்டிக்கு உரியது, வேறெதற்குப் பொருந்தும், யாரிடமிருந்து வாங்கினீர்கள், யாருடைய தயாரிப்பை வாங்கக் கூடாது என்ற ஐந்து கேள்விகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியே எல்லாவற்றிலும் பெறுமதியானது. இன்று கிடைக்கும் பாகங்களில் பெரும்பகுதி பழைய தொழிற்சாலைச் சரக்கு அல்ல. பிற்காலத்தில் வெவ்வேறு பட்டறைகளில் வெவ்வேறு தரத்தில் செய்யப்பட்டவை. அவற்றில் எது தேறும், எது தேறாது என்று சலித்துத் தருவதுதான் நல்ல கடைக்காரர் இதுவரை செய்துவந்த வேலை. அவர் போன பின் அந்தச் சல்லடை உங்கள் கையில்தான் இருக்க வேண்டும்.

நம் ஊர்க் கடைக்காரரிடம் கேட்க இன்னுமொன்று உண்டு. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், கார்புரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு உதைத்துப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓடிய அந்த ஆண்டுகளில், வராத பாகங்களுக்குப் பதிலாக எதை எதை எப்படிப் பொருத்தினார்கள் என்பதை அவரைப் போன்றவர்களே அறிவார்கள். அதைக் கொப்பியில் வேறு பக்கத்தில் எழுதுங்கள். அவற்றுள் சில நிரந்தரமாக நம்பத்தக்க மாற்றுகள். சில அன்றைய உயிர்காக்கும் வைத்தியம் மட்டுமே. இரண்டையும் கலந்து எழுதிவைத்த நண்பர் ஒருவர், இருபது ஆண்டுகளுக்குப் பின் அந்த வைத்தியத்தையே முறையான திருத்தம் என்று நம்பித் தன் வண்டியின் பிறேக்கில் செய்து பார்த்தார். நல்லவேளையாக ஒரு பூவரசம் வேலியோடு போயிற்று.

பாக இலக்கங்களின் ஒழுங்கை அவர் வாயால் விளக்கச் சொல்லுங்கள். பி.எஸ்.ஏ. இலக்கங்களின் முதல் இரு எண்கள் வண்டிக் குடும்பத்தைக் காட்டும்: 90 என்று தொடங்கினால் பான்ரம் என்ற சிறிய வண்டி, 40 என்று தொடங்கினால் சி15 என்ற வண்டியின் குடும்பம். ட்றையம்பில் முன்னர் எழுத்துகள் இருந்தன. ஈ என்றால் இயந்திரம், ரி என்றால் கியர்ப்பெட்டிப் பக்கம், எவ் என்றால் சட்டகம், எச் என்றால் முன் போர்க், டபிள்யூ என்றால் சில்லு. பின்னர் அந்த எழுத்துகளுக்குப் பதிலாக முறையே 70, 57, 82, 97, 37 என்ற எண்கள் வந்தன. ஆகவே பழைய கடதாசிப் பொதியில் ஈ3123 என்று இருப்பதும் புதிய பட்டியலில் 70-3123 என்று இருப்பதும் ஒரே பாகம். இது தெரியாதவர்கள், கையில் இருக்கும் பொருளையே இல்லை என்று நினைத்து லண்டனுக்கு எழுதுகிறார்கள்.

கடைக்காரர் தம் பாகப் பட்டியல் புத்தகங்களை விற்கச் சம்மதித்தால், வேறெதையும் வாங்கும் முன் அவற்றை வாங்குங்கள். விற்க மனமில்லாவிட்டால், ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படமெடுக்க அனுமதி கேளுங்கள். விளிம்புகளில் பென்சிலால் எழுதப்பட்ட குறிப்புகள் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள். அச்சிட்ட பட்டியல் வேறிடத்திலும் கிடைக்கும், பென்சில் குறிப்புக் கிடைக்காது.

எதை வாங்குவது, எதை விடுவது

கடை மூடும் நேரத்தில் எல்லாம் மலிவாகத் தெரியும். அங்கேதான் பலரும் வழுக்குவார்கள். யாழ்ப்பாணத்தில் ஒரு நல்ல கடைசல் பட்டறையால் செய்ய முடியாதவற்றுக்கே உங்கள் பணம் போக வேண்டும். கியர்ப்பெட்டிப் பற்சில்லுகள், காம் அச்சு, வால்வுகள், கிளச் மத்தளம், மக்னீற்றோவை (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவியை) ஓட்டும் பற்சில்லு, கிராங்க் ஊசி ஆகியவை கடினமாக்கப்பட்ட உருக்கால் ஆனவை. வெப்பமேற்றிக் கடினமாக்கும் வசதி நம் பட்டறைகளில் அரிது. மாறாக, வெண்கலப் புஷ், இடைவெளிக் குழாய், சாதாரண அச்சு, மிதிகட்டை ஊசி போன்றவற்றை லேத் வைத்திருக்கும் கைதேர்ந்தவர் மாதிரியைப் பார்த்து அரைநாளில் கடைந்து தருவார். அவற்றைப் பெட்டி பெட்டியாக வாங்கிச் சேர்ப்பது வீண்.

ரப்பர் எதையும் வாங்காதீர்கள். நம் ஊர் வெக்கையில் முப்பது ஆண்டு கிடந்த எண்ணெய் சீல் பார்வைக்குப் புதியதுபோல இருக்கும். மாட்டிய வாரமே கசியும். அவ்வாறே பழைய கண்டென்சர்கள், பாவிக்கப்படாமல் பெட்டிக்குள் கிடந்தே கெட்டுப்போகும் இயல்புடையவை. லூகாஸ் என்ற மின்சாதன நிறுவனத்தின் மக்னீற்றோ சூடேறியதும் நின்றுபோகும் நோய்க்கு முதற் காரணம் பெரும்பாலும் அதுதான். அதற்கு மருந்தாக இன்னொரு பழைய கண்டென்சரை வாங்குவது பயனில்லை. ரயர்களில் 2000 ஆம் ஆண்டுக்குப் பின் நான்கு இலக்கக் குறி உண்டு. முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் காட்டும். அது இல்லாத ரயர் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓட்டுவதற்கு உதவாது.

பிஸ்ரன் விடயத்தில் என் சொந்தத் தவறைச் சொல்ல வேண்டும். எம்20 இன் சிலிண்டர் விட்டம் 82 மில்லிமீற்றர், வீச்சு (பிஸ்ரன் ஓடும் தூரம்) 94 மில்லிமீற்றர் என்று புத்தகத்தில் இருப்பதை நம்பி, கடையில் கிடந்த தொழிற்சாலை அளவுப் பிஸ்ரன்கள் இரண்டையும் அள்ளிக்கொண்டு வந்தேன். வீட்டில் அளந்தபோதுதான், என் சிலிண்டர் எப்போதோ 40 ஓவர்சைஸுக்கு, அதாவது அங்குலத்தின் ஆயிரத்தில் 40 பங்கு பெரிதாக, கடையப்பட்டிருந்தது தெரிந்தது. ஆகவே கடைக்குப் போகும் முன் உங்கள் சிலிண்டரை அளந்து, இப்போதைய அளவையும் அடுத்த கடைசலுக்குரிய அளவையும் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பிஸ்ரன் றிங்குகளை வாங்கினால், சிலிண்டருக்குள் வைத்து, றிங்கின் இரு முனைகளுக்கும் இடையிலான வாய் இடைவெளியைப் பாருங்கள். விட்டத்தின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஆயிரத்தில் மூன்று தொடக்கம் நான்கு பங்கு என்பது பழைய கணக்கு. எம்20 க்கு அது ஏறத்தாழ 0.3 மில்லிமீற்றர் வரும்.

இயந்திர உடல்கூடு கிடைத்தால் ஆசைப்பட முன் ஒரு கணம் நில்லுங்கள். அதிலுள்ள இலக்கம் உங்கள் வாகனப் பதிவுப் புத்தகத்தில் உள்ளதோடு பொருந்தாவிட்டால், பின்னால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் நின்று விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

புரி, ஸ்பனர், பேரிங்: கடைக்காரர் சொல்லாமலே சரியாகத் தந்தவை

நாம் ஒரு நட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்தால், அவர் பார்த்த பார்வையில் வேறொன்றை எடுத்துத் தருவார். அதற்குப் பின்னால் இருந்த அறிவை இனி நாமே கற்க வேண்டும். இந்த வண்டிகளில் ஒரே வண்டியிலேயே பல வகைப் புரிகள் இருக்கும். அலுமினியத்துக்குள் போகும் திருகுகளில் பெரும்பாலும் விற்வேர்த். அதன் புரிக்கோணம் 55 பாகை. சட்டகத்திலும் அச்சுகளிலும் சைக்கிள் புரி. கோணம் 60 பாகை, அங்குலத்துக்கு பெரும்பாலும் 26 புரி. மின்சாதனங்களில் பி.ஏ. எனப்படும் மிகச் சிறிய புரிகள். அவற்றின் கோணம் 47.5 பாகை. 1960களின் இறுதியில் பல பாகங்கள் யு.என்.எவ். எனப்படும் அமெரிக்க முறைப் புரிக்கு மாறின. பொல்லாதது எதுவென்றால், 1/4 அங்குலத்தில், விற்வேர்த்தின் அதே 55 பாகைக் கோணமுள்ள நெருக்கமான பி.எஸ்.எவ். புரியும் சைக்கிள் புரியும் இரண்டுமே அங்குலத்துக்கு 26 தான். ஒன்றில் மற்றொன்று ஏறும், இறுகுவதுபோலவும் காட்டும், ஆனால் கோணம் வேறானதால் புரியின் நுனியை மட்டுமே பற்றிக்கொண்டிருக்கும். 5/16 அங்குல ஆணி 7.94 மில்லிமீற்றர், ஆகவே 8 மில்லிமீற்றர் நட்டும் இரண்டு சுற்று ஏறும். அதற்கு மேல் பலம் போட்டால் இரண்டும் கெடும். புரி அளக்கும் சீப்பு ஒன்றை வாங்கிப் பையில் வைத்திருங்கள்.

யாழ்ப்பாணம் துவிச்சக்கரவண்டி ஊர் என்பது இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. பழைய றலி வகைச் சைக்கிள்களின் முன் அச்சில் 5/16, பின் அச்சில் 3/8 அங்குலமாக, அங்குலத்துக்கு 26 புரி உள்ள நட்டுகள் வந்தன. நம் மோட்டார் சைக்கிளின் சைக்கிள் புரியும் அதே குடும்பந்தான். மட்காட், விளக்குத் தாங்கி, கருவிப்பெட்டி போன்ற இடங்களுக்குக் கொக்குவிலிலோ சுன்னாகத்திலோ உள்ள பழைய சைக்கிள் கடையில் தேடினால் நட்டுக் கிடைக்கும். சில்லு அச்சுக்கும், சிலிண்டர் தலைக்கும், பிறேக் நெம்புக்கும் அவற்றைப் போடாதீர்கள். அந்த உருக்கு மென்மையானது.

விற்வேர்த் ஸ்பனரில் எழுதியிருப்பது நட்டின் பக்க அகலம் அல்ல, ஆணியின் விட்டம். 1/4 விற்வேர்த் ஸ்பனரின் வாய் 13.3 மில்லிமீற்றர், 13 ஸ்பனர் ஏறாது, 14 ஸ்பனர் வழுக்கி மூலையை உருட்டிவிடும். கடைக்காரர் தம் பழைய ஸ்பனர்களை விற்றால், பாகங்களிலும் பார்க்க அவற்றை முதலில் கேளுங்கள்.

பேரிங்குகளைப் பொறுத்தவரை அச்சம் தேவையில்லை. அவை உலகமெங்கும் செய்யப்படும் பொருள். ஆனால் அங்குல அளவா மில்லிமீற்றர் அளவா என்பதை அளந்தே வாங்க வேண்டும். எம்.ஜே.1 என்ற அங்குலப் பேரிங்கின் உள்விட்டம் 25.4, வெளிவிட்டம் 63.5, அகலம் 19.05 மில்லிமீற்றர். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 6305 இன் அளவுகள் 25, 62, 17. அருகருகே வைத்தால் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும். 6305 அச்சில் ஏறாது, கூட்டுக்குள் ஆடும். "உள்ளே தகடு வைச்சு அடிச்சு விடலாம்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இருந்து வண்டியை உடனே எடுத்துக்கொண்டு வாருங்கள்.

மின்சாரம் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. 1950களின் தொடக்கம் முதல் லூகாஸ் சாதனங்கள் பூட்டிய பெரும்பாலான பிரித்தானிய வண்டிகளில் பற்றறியின் நேர்முனையே சட்டகத்தோடு இணைக்கப்பட்டிருக்கும். நம் ஊர் மின்வேலைக்காரர் பழக்கதோஷத்தால் எதிர்முனையை இணைப்பார். வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாமல் பக்கத்தில் நில்லுங்கள். டைனமோவின் சுழலும் சுருளான ஆர்மேச்சரைத் தோட்டத்து நீரிறைக்கும் மோட்டர் சுற்றுபவர் சுற்றித் தருவார். மக்னீற்றோவின் உட்சுற்று மயிரிழைக் கம்பி, அது அதற்கென்றே இருப்பவர்களின் வேலை.

கடைக்குப் பின் யாரிடம் போவது

லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒரு மருமகனோ பெறாமகளோ இல்லாத குடும்பம் நம்மிடையே குறைவு. அவர்களுக்கு மோட்டார் சைக்கிளைப் பற்றி எதுவும் தெரியாது என்று எடுத்துக்கொண்டே எழுதுங்கள். "பான்ரத்துக்கு ஒரு கிளச்" என்று எழுதினால் எதுவும் வராது. வந்தாலும் பிழையாக வரும். பான்ரம் 1948 இல் 123 சி.சி. ஆகத் தொடங்கி, 1971 வரை பலமுறை மாறியது. ஆகவே மாதிரிப் பெயர், ஆண்டு, இயந்திர இலக்கம், பாக இலக்கம், அடிமட்டத்தோடு சேர்த்து எடுத்த படம் ஆகிய ஐந்தையும் அனுப்புங்கள். நல்லூர்த் திருவிழாவுக்கு வருபவர்களின் பெட்டியில் சாமான் வர வேண்டுமானால் வைகாசியிலேயே பட்டியல் போய்ச் சேர வேண்டும். ஆடியில் எழுதினால் சொக்கலேற்றுக்குப் பிறகுதான் உங்கள் கியர்ச்சில்லுக்கு இடம். பாவித்த கார்புரேற்றரையோ பெற்றோல் தாங்கியையோ கொண்டுவரச் சொல்லாதீர்கள். பெற்றோல் மணம் இருந்தால் விமான நிலையத்தில் மறித்துவிடுவார்கள். அமல் கார்புரேற்றர்கள் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. பழையதைத் தேடி அலைவதை விட அது நன்று.

தனிக் கடைகள் மூடினாலும், உரிமையாளர் கழகங்கள் ஓய்வுபெறுவதில்லை. ஏ.ஜே.எஸ்., மச்லெஸ் வண்டிகளுக்கும் வின்சென்றுக்கும் கழகத்தோடு இணைந்த பாக நிறுவனங்களே உண்டு. வேறு பல வண்டிகளுக்கும் கழகங்கள் பாகங்களை வழங்குகின்றன. 1946 இல் தொடங்கிய பிரித்தானியப் பழைய மோட்டார் சைக்கிள் கழகத்தின் நூலகத்தில் கையேடுகளின் பிரதிகளும் பெறலாம். ஓய்வுபெறும் வெளிநாட்டுக் கடைக்காரருக்கு ஒரு கடிதம் எழுதி, கையிருப்பு யாரிடம் போகிறது, நீங்கள் யாரை நம்புவீர்கள் என்று கேளுங்கள். முப்பது ஆண்டு தமக்குப் பணம் அனுப்பிய ஒருவருக்கு அவர்கள் மறுமொழி எழுதாமல் விடுவதில்லை. எனக்கு வந்த மறுமொழி மூன்று பக்கம்.

றோயல் என்பீல்ட் புல்லட் வைத்திருப்போர் கொடுத்துவைத்தவர்கள். 1955 முதல் சென்னையில் அதே வண்டி செய்யப்பட்டு வந்ததால், அங்குள்ள பாகச் சந்தையான புதுப்பேட்டையில் பலதும் கிடைக்கும். யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் பறப்பது கொழும்புக்குப் பேருந்தில் போவதை விடச் சிறிய பயணம். ஆனாலும் இங்கிலாந்தின் றெடிச்சில் செய்த வண்டிக்கு இந்தியப் பாகம் எல்லாம் அப்படியே பொருந்தும் என்று எண்ணாமல், பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோங்கள். கொழும்பின் பாகச் சந்தையான பஞ்சிகாவத்தைக்குப் போவோருக்கும் அதையே சொல்வேன்.

எங்கிருந்து வந்தாலும் பாகத்தை மாட்டும் முன் சோதியுங்கள். பற்சில்லின் ஓரத்தில், வேலை செய்யாத இடத்தில், நுண்ணரத்தை ஒருமுறை இழுத்துப் பாருங்கள்; அரம் வழுக்கினால் கடினமாக்கப்பட்டது, கடித்தால் மென்மையான உருக்கு. பழைய பாகத்தோடு பக்கத்தில் வைத்து மைக்ரோமீற்றரால் அளந்து, அளவைக் கொப்பியில் எழுதுங்கள். பிழையானால் அதே வாரத்தில் திருப்பி அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து எவரும் ஏற்கமாட்டார்.

சேர்ந்து வாங்குதலும் காத்துவைத்தலும்

எங்கள் கடையின் சரக்கை ஒருவரே முழுதாக வாங்கிக் கொழும்பில் விற்க முயன்றார். நாங்கள் ஏழு பேர் சேர்ந்து அதற்குச் சற்றுக் கூடுதலான விலை கொடுத்தோம். அதை நல்ல மனத்தால் செய்ததாகச் சொல்ல மாட்டேன். தனித்தனியே வாங்கியிருந்தால் ஒருவரிடம் வலப்பக்கமும் இன்னொருவரிடம் இடப்பக்கமும் போய்ச் சேர்ந்திருக்கும். சரக்கு இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒருவர் வீட்டின் உள்ளறையில் இருக்கிறது. எடுப்பவர் கொப்பியில் எழுதி, வாங்கிய விலையைப் போட்டுவிட்டு எடுக்க வேண்டும். முதியவருக்குப் பழைய இரும்பு விலை பேசாதீர்கள். பேசினால் பொருள் கிடைக்கலாம். பிறகு ஒரு சந்தேகம் கேட்கப் போனால் கதவு திறக்காது. எங்கள் முதியவர் இன்றும் சனிக்கிழமைகளில் வந்து, நாங்கள் பிழையாக ஒட்டிய துண்டுகளைத் திருத்திவிட்டுப் போகிறார்.

கடற்காற்றும் மாரியின் ஈரமும் உருக்குக்கு எதிரிகள். ஒவ்வொரு பாகத்தையும் மண்ணெண்ணெயில் கழுவி உலர்த்தி, கிறீஸ் தடவி, மெழுகுத்தாளில் சுற்றி, பாக இலக்கமும் வண்டியின் பெயரும் எழுதிய துண்டைக் கம்பியால் கட்டுங்கள். பசையால் ஒட்டிய துண்டு கிறீஸில் கழன்றுவிடும். பால்மாப் பேணிகள் சிறிய சாமானுக்கு நன்று. பிளாஸ்ரிக் பையில் கட்டினால் உள்ளே வியர்த்துத் துருப்பிடிக்கும். சுவரோடு ஒட்டாமல் பலகைத் தட்டில் வையுங்கள். மார்கழி மழை ஓய்ந்து வெயில் ஏறியதும், தை மாதத்தில் ஒரு ஞாயிறு எல்லாவற்றையும் வெளியே எடுத்து, துரு கண்டவற்றைத் துடைத்து மீண்டும் கிறீஸ் பூசுங்கள். அன்றே கொப்பியோடு ஒப்பிட்டு, குறைந்தவற்றைக் குறித்துக்கொண்டால், வைகாசியில் லண்டனுக்குப் போக வேண்டிய பட்டியல் பாதி எழுதி முடிந்துவிடும்.